தின்றது உடம்பில் ஒட்டாத நாய்க்கு எடை ஏற்றுவது எப்படி

எங்கள் மணி அல்சேஷன், ஆண், அப்போது இரண்டரை வயது. முப்பது கிலோவுக்கு மேல் இருக்க வேண்டியவன் 21.4 கிலோ இருந்தான். பட்டினி போட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டில் எங்களைவிட அவன்தான் அதிகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வைத்த தட்டை நக்கிக் காலி செய்துவிட்டு, பத்து நிமிடத்தில் குப்பைக்கூடையைக் கவிழ்ப்பான், சுவரில் சுண்ணாம்பை நக்குவான், கண் அசந்தால் தன் மலத்தையே தின்பான். அதுவோ மாட்டுச் சாணி மாதிரி வெளிர் மஞ்சளாக, மேலே எண்ணெய்ப் பளபளப்போடு, தின்றதைவிடப் பெரிய குவியலாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. வயிறு கடமுடாவென்று உருளுவது அடுத்த அறைக்குக் கேட்கும். தெருவில் போகிறவர்கள் "நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், அது வேறு எரிச்சல்.

மூன்று தடவை பூச்சி மருந்து, ஒரு பாட்டில் லிவர் டானிக், பசியைத் தூண்டும் சிரப் (அவனுக்கா பசியைத் தூண்ட வேண்டும்!) எல்லாம் கொடுத்து ஐந்து மாதம் வீணாய்ப்போன பிறகுதான் கோளாறு கணையத்தில் என்று தெரிந்தது. அந்த ஐந்து மாதம் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றையும் உடைக்கிற என்சைம்களைக் கணையம்தான் குடலுக்குள் விடுகிறது. அதைச் சுரக்கிற செல்கள் அழிந்துபோனால் சோறு சோறாகவே உள்ளே போய் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வருகிறது, நடுவில் குடலில் இருக்கிற பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. கணையத்துக்குக் கையிருப்பு அதிகம், சுமார் 90 சதவீதம் கெட்டுப்போன பிறகுதான் வெளியே அறிகுறி தெரியும். அதனால் "திடீரென்று இளைத்துவிட்டான்" என்று நமக்குத் தோன்றினாலும் உள்ளே ரொம்ப நாளாக நடந்த கதை அது. அல்சேஷன், ரஃப் கோலி மாதிரி இனங்களில் இளம் வயதிலேயே அந்தச் செல்கள் சுருங்கிப்போவது பரம்பரையாக வருகிறது. மற்ற இனங்களில், முக்கியமாக வயதான நாய்களில், அடிக்கடி கணைய அழற்சி வந்து வந்து கடைசியில் இந்த நிலைக்கு வரும். உங்கள் நாய் இதில் எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டில் கொழுப்பு எவ்வளவு என்பது அதைப் பொறுத்தது, பின்னால் சொல்கிறேன்.

இதனால்தான் சாப்பாட்டைக் கூட்டினால் எடை கூடும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. நாங்களும் நெய் ஊற்றினோம், முட்டையைக் கூட்டினோம், கடையில் விற்கிற எடை கூட்டும் பவுடரைக் கலந்தோம். வீட்டுத் தரையில் மஞ்சள் எண்ணெய்க் கறை கூடியதுதான் மிச்சம்.

சரி, டெஸ்ட். கேட்க வேண்டிய இரத்தப் பரிசோதனையின் பெயர் டி.எல்.ஐ. (TLI), கணையத்திலிருந்து இரத்தத்தில் கசிகிற டிரிப்சின் வகை என்சைமின் அளவைப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், நாங்கள் இரவு முழுக்கப் பட்டினி போட்டுக் காலையில் கூட்டிப்போனோம் (அந்த இரவை மட்டும் நினைவுபடுத்தாதீர்கள்). அப்போது எங்களுக்குச் சொன்ன கணக்கில் (லிட்டருக்கு மைக்ரோகிராம்), நாய்களில் 5.7-க்குக் கீழே வந்தால் குறைவு, 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்து அறிகுறிகளும் பொருந்தினால் கணையக் குறைபாடு உறுதி. மணிக்கு 1.2. இது நாய்க்கென்றே உள்ள டெஸ்டாக இருக்க வேண்டும், மனிதர்களுக்கு எடுக்கிற கிட்டில் எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. இன்னொன்று, சாதாரண அமிலேஸ், லைபேஸ் அளவைப் பார்த்துவிட்டு "கணையம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், இந்த நோயை அந்த இரண்டும் காட்டிக்கொடுக்காது. ஒரே ஊசியில் எடுக்கிற இரத்தத்தில் பி12, ஃபோலேட் என்ற இரண்டு வைட்டமின்களின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் கிளினிக்கில் வசதி இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், வேப்பேரி மட்டுமில்லை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரி இருக்கிறது. இரத்தத்தை எந்த லேபுக்கு அனுப்புவது என்றாவது தெரிந்துவிடும்.

இனி வைத்தியம். இதன் ஆணிவேர் ஒன்றே ஒன்று, கணையம் தராத என்சைமை நாம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கலந்து கொடுப்பது. ஒரு வேளைகூட விடக் கூடாது, ஆயுசுக்கும் கொடுக்க வேண்டும். நாய்களுக்கென்று வருவது பன்றிக் கணையத்தைக் காயவைத்துச் செய்த பொடி. பத்து கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் என்று தொடங்குவது வழக்கம், பிராண்டுக்குப் பிராண்டு வீரியம் மாறும் என்பதால் டாக்டர் சொல்கிற அளவுதான் கடைசி. பன்றியிலிருந்து வருகிறது என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சைவக் குடும்பமோ இஸ்லாமியக் குடும்பமோ என்றால் பாதியில் தெரிந்து சங்கடப்படுவதைவிட அது நல்லது. அதைத் தவிர்க்கலாமே என்று மனிதர்களுக்கான செரிமான சிரப்பை ஊற்றுவதில் பயனில்லை. அதில் இருக்கிற டயஸ்டேஸும் பெப்சினும் இந்த வேலைக்குக் காணாது, கொழுப்பை உடைக்கிற லைபேஸ் வேண்டும்.

பொடி கிடைக்காத ஊர்களில் மனிதர்களுக்கான பேன்கிரியாட்டின் (கணைய என்சைம்) கேப்ஸ்யூலை டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், கிரியான் மாதிரி. அட்டையில் 10,000, 25,000 என்று போட்டிருப்பது லைபேஸ் யூனிட். கேப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே ரவை மாதிரி குருணை இருக்கும், ஒவ்வொரு குருணைக்கும் வயிற்று அமிலத்தைத் தாங்குகிற பூச்சு உண்டு. அதை நசுக்காமல் சாப்பாட்டின் மேல் தூவி உடனே கொடுத்துவிட வேண்டும், ஊறவைத்தால் பூச்சு கரைந்துவிடும். பல நாய்களில் பூச்சு இல்லாத பொடிதான் இதைவிட நன்றாக வேலை செய்கிறது, மணிக்கும் அப்படித்தான். முதல் மாதம் கேப்ஸ்யூலில் சுமாராக ஓடி, பொடிக்கு மாறிய பிறகுதான் மலம் கெட்டிப்பட்டது.

பொடியைக் கலப்பதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். உலர் தீவனத்தின் மேல் அப்படியே தூவிக் கொடுத்தேன். நாலாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தில் இரத்தம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறெல்லாம் சிவந்து, நாக்கு ஓரத்தில் புண். புரதத்தை உடைக்கிற என்சைம் வாயில் ஒட்டிக்கொண்டால் வாயின் சதையையே பதம் பார்க்கும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது செய்கிற முறை இது: சாப்பாட்டைக் கை பொறுக்கிற வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு, பொடியைப் போட்டு, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, எல்லாப் பருக்கையிலும் படும்படி நன்றாகப் பிசைந்து, இருபது நிமிடம் அப்படியே வைப்பது. செரிமானத்துக்காக இப்படிக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை, உடனே கொடுத்தாலும் என்சைம் வேலை செய்யும். ஆனால் ஈரமாகப் பிசைந்து கொஞ்ச நேரம் விட்ட பிறகு வாய்ப்புண் திரும்ப வரவில்லை, அதனால் அந்த இருபது நிமிடத்தை நான் விடுவதில்லை. கொதிக்கிற சோற்றில் மட்டும் போட்டுவிடாதீர்கள், என்சைம் செத்துவிடும். டப்பாவைத் திறக்கும்போது மூக்கைத் திருப்பிக்கொள்ளுங்கள், பொடி பறந்தால் தும்மலும் கண் எரிச்சலும் வரும், ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையையே வேறு ஆளிடம் விடுவது நல்லது. நான் வெறும் கையால் பிசைந்து விரல் நுனி உரிந்ததால் இப்போது கரண்டிதான். டப்பாவை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

பச்சைக் கணையத்தையே கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், பொடி வருவதற்கு முன்னிருந்தே இருக்கிற வைத்தியம்தான் அது, வேகவைத்தால் மட்டும் பயன் இல்லை. பத்து கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு முப்பதிலிருந்து தொண்ணூறு கிராம், பொடியாக நறுக்கிச் சாப்பாட்டில் கலக்க வேண்டும். வேளைக் கணக்கில் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் வீரியம் குறையாது.

கறிக்கடையில் கேட்டு வாங்குவதுதான் கூத்து. எங்கள் தெருக்கோடிக் கடை பாயிடம் "கணையம் வேணும் பாய்" என்றேன். "தாராளமா" என்று கறுஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி தட்டையாக ஒன்றை எடுத்து வைத்தார். அது சுவரொட்டி, அதாவது மண்ணீரல். அதில் செரிமான என்சைம் கிடையாது. "இது இல்ல பாய், குடல் ஆரம்பிக்கிற இடத்துல வெளுப்பா ஒட்டிக்கிட்டு இருக்குமே" என்றதற்கு, "அதா? அது கொழுப்போட கொழுப்பா குப்பைக்குப் போயிடும் தம்பி, அதை யாரு கேக்குறா" என்று சிரித்தார். மறுநாள் எடுத்து வைத்திருந்தார். இளஞ்சிவப்பு கலந்த வெளுப்பு, வழவழ என்று இல்லாமல் சின்னச் சின்ன முடிச்சுகள் சேர்ந்த மாதிரி சொரசொரப்பு, விரலால் அழுத்தினால் கொழுப்பு மாதிரி குழையாது. ஒரு ஆட்டில் எடுத்தது மணிக்கு ஒரு வேளைக்கே பற்றவில்லை. தினம் நாலைந்து ஆடு வெட்டுகிற கடையோ மாட்டுக்கறிக் கடையோ பழக்கமாக இருந்தால்தான் இந்த வழி ஓடும். பச்சை உறுப்பு என்பதால் நாடாப்புழு ஆபத்தும் உண்டு, நாயிடமிருந்து வீட்டு மனிதர்களுக்கு வந்து ஈரலில் நீர்க்கட்டி வைக்கிற வகை அதில் ஒன்று. பன்றியினுடையதைப் பச்சையாகக் கொடுப்பது இன்னும் யோசிக்க வேண்டியது. டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள், பூச்சி மருந்து இடைவெளியையும் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு வாரம் முயன்றுவிட்டுப் பொடிக்கே திரும்பிவிட்டோம்.

என்சைம் இல்லாமல் ஒரு வாய் உணவும் உள்ளே போகக் கூடாது என்பதுதான் சொல்ல எளிது, செய்யக் கடினம். எங்கள் வீட்டில் பொடிக்கு மாறிய மூன்றாவது வாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த மலம் திடீரென்று மறுபடி சாணியானது. பொடியில் கோளாறா, டப்பா பழசா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாவம்டா, வாயைப் பார்த்துக்கிட்டே இருந்தான், சாயங்காலம் நாலு மேரி பிஸ்கட் போட்டேன், கொஞ்சம் தயிர்சாதம்." அவ்வளவுதான் விஷயம். இப்போது அவனுடைய பங்கிலிருந்தே ஒரு பிடி எடுத்து, என்சைம் கலந்து, அம்மா கையால் கொடுக்கச் சொல்லி ஏற்பாடு. வெளியே போகும்போது குப்பையைத் தின்பதும் இதே கணக்குதான், பசி அடங்கும்வரை வாய்க்கூடு போட்டுக் கூட்டிப்போவதில் தப்பில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். முன்பெல்லாம் இந்த நோய்க்குக் கொழுப்பை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள். இப்போது அப்படியில்லை, கொழுப்பை ரொம்பக் குறைத்தால் எடை ஏறுவதே கஷ்டம், மிதமாக இருக்கலாம். கணைய அழற்சியால் வந்த நாய்க்கு மட்டும் கொழுப்பைக் கட்டாயம் குறைக்க வேண்டும், அங்கே நெய் விஷப்பரீட்சை. நார்ச்சத்துதான் இங்கே அதிகம் பேசப்படாத எதிரி, என்சைமின் வேலையைக் கெடுக்கும். நல்லது என்று நினைத்துக் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் கீரையும் போடுகிறவர்கள் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள். குழைய வெந்த வெள்ளைச் சோறுதான் இந்த வயிற்றுக்கு நல்லது. கடைத் தீவனம் கொடுப்பவர்கள் நார் குறைவான, எளிதில் செரிக்கிற வகையாகப் பார்த்து, ஊறவைத்துக் கொடுங்கள்.

மணிக்கு நாங்கள் ஒரு நாளைக்குச் சமைத்தது: 200 கிராம் அரிசியைக் குழைய வடித்தது, தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி பச்சை எடையில் 350 கிராம், இரண்டு வேகவைத்த முட்டை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், வாசனைக்கு ஒரு துண்டு பரங்கிக்காய். வெங்காயம், பூண்டு, உப்பு கிடையாது. இது சுமார் 1,400 கலோரி வரும், இப்போதைய எடைக்கு இல்லாமல் வர வேண்டிய எடையான 32 கிலோவை வைத்துப் போட்ட கணக்கு. முதல் நாளே இவ்வளவையும் கொட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்கில் தொடங்கி, மலம் உருவாக வந்தால் மட்டும் மூன்று நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டி, நெகிழ்ந்தால் முந்தைய அளவுக்கே திரும்பி, இப்படி மூன்று வாரம் எடுத்தது முழு அளவுக்கு வர. மொத்தத்தை ஒரே வேளையாகக் கொடுக்காமல் நாலாகப் பிரித்தோம், பிறகு மூன்று, இப்போது இரண்டு வேளை. வேளையைக் கூட்டினால் அத்தனை வேளைக்கும் என்சைம் வேண்டும், செலவும் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். கோழியும் சோறும் மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் குறைந்துபோகும், எங்கள் டாக்டர் முட்டை ஓட்டுப் பொடியும் வைட்டமின் கலவையும் அளவு சொல்லிச் சேர்த்தார்.

இனி பி12. என்சைமைச் சரியாகக் கொடுத்தும் எடை ஏறாமல் நிற்கிற நாய்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். பி12 குடலில் உறிஞ்சப்படத் துணைப் புரதம் ஒன்று வேண்டும், மனிதர்களுக்கு அது இரைப்பையில் சுரக்கிறது, நாய்க்கு முக்கியமாகக் கணையத்திலிருந்து வருகிறது. கணையம் படுத்தால் அதுவும் படுத்துவிடும். போதாததற்குக் குடலில் பெருகிய பாக்டீரியாக்கள் இருக்கிற பி12-ஐயும் தின்றுவிடும். வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம், பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று என்பது வழக்கமான முறை. தினம் மாத்திரையாகக் கொடுத்தாலும் ஏறுகிறது, 20 கிலோவுக்கு மேலுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராம், 10 முதல் 20 கிலோ வரை 500, அதற்குக் கீழே 250. மெடிக்கலில் "நரம்பு மாத்திரை" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், அதில் பி12 கூடவே வேறு நாலு சரக்கு கலந்திருக்கும். வாயில் கரைகிற இனிப்பு மாத்திரை என்றால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்குக் கொஞ்சம் போனாலும் ஆபத்து. பி12 மட்டும் உள்ளதாக டாக்டர் எழுதித் தருவதை வாங்குங்கள். மணிக்கு மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் முகத்தில் களை வந்தது, பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து காலடியில் போட்டான், அதற்கு முன் எத்தனை மாதம் அப்படிச் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எடையை வாரம் ஒரு தடவை, ஒரே கிழமை, காலை வெறும் வயிற்றில் பாருங்கள், தினம் பார்த்தால் மனசுதான் கெடும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம் (27 கிலோவுக்கு மேல் என் முதுகு ஒப்புக்கொள்ளவில்லை, கிளினிக்குக்குப் போனோம்). பெரிய நாய்க்குத் தொடக்கத்தில் வாரம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ ஏறினால் நல்ல போக்கு. கூடவே ஒரு நோட்டில் தினமும் மலத்தைப் பற்றி எழுதுங்கள்: எத்தனை தடவை, நிறம், கையில் பையைப் போட்டு எடுக்க வருகிறதா இல்லை வழிக்க வேண்டியிருக்கிறதா. கேட்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எடை மெஷின் அடுத்த வாரம் சொல்லப்போவதை மலம் இன்றைக்கே சொல்லிவிடும். எங்கள் நோட்டில் முதல் பக்கம் 21.4, நாலாவது வாரம் 23.1, எட்டாவது வாரம் 26.

பிறகு மூன்று வாரம் 26-லேயே நின்றான். இப்படி நின்றால் சாப்பாட்டைக் கூட்டுவதற்கு முன் வரிசையாகப் பாருங்கள். பொடி டப்பா காலாவதியா, வெயிலில் இருந்ததா, யாராவது திருட்டுத் தீனி போடுகிறார்களா, பி12 ஏறியிருக்கிறதா. அதெல்லாம் சரியென்றால் குடலில் பாக்டீரியா கூடியிருக்கலாம், மணிக்கு அதுதான். டாக்டர் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து ஆறு வாரம் ஓடியது, கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, சோற்றில் கலந்ததும் முதல் தடவையாக மணி தட்டை விட்டு எழுந்துபோனான், காலி கேப்ஸ்யூலில் அடைத்துக் கோழித்துண்டுக்குள் வைத்துத்தான் உள்ளே தள்ளினோம். அதற்கும் அசையாவிட்டால் வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மருந்து சேர்த்துப் பார்ப்பார்கள், அமிலம் என்சைமை அழிக்காமல் இருக்க. நாய் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள், அழற்சியால் கெட்ட கணையத்தில் இன்சுலினும் சேர்ந்தே போயிருக்கலாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த நோயுள்ள அல்சேஷன்களுக்குக் குடல் முறுக்கிக்கொள்கிற ஆபத்து இருக்கிறது. திடீரென்று வயிறு உப்பி, வாந்தி எடுத்து, ஈறு வெளுத்து, நிற்க முடியாமல் தள்ளாடினால் அது நிமிடக் கணக்கு, வண்டியை எடுத்துவிடுங்கள். மணியை இனவிருத்திக்குக் கேட்டு வந்தவர்களுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டோம், ஆள் இப்போது 31 கிலோ, பார்க்க ராஜா மாதிரி இருக்கிறான், இருந்தாலும் இது குட்டிகளுக்குப் போகிற சரக்கு.

எடை வந்து இரண்டு மூன்று மாதம் அப்படியே நின்றால் டாக்டரைக் கேட்டுப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம், நிறைய நாய்களுக்குத் தொடங்கிய அளவு கடைசிவரை தேவைப்படாது. நாங்கள் வேளைக்குக் கால் டீஸ்பூன் குறைத்து, பத்து நாள் நோட்டைப் பார்த்து, மறுபடி கால் குறைத்து, ஒன்றரை டீஸ்பூனில் வந்து நின்றோம். அதற்குக் கீழே போனால் மறுநாளே தரையில் தெரிந்துவிடுகிறது.

ஊருக்குப் போகும்போது டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அளவு தப்பும். ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, நாளும் வேளையும் எழுதி, என் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போவேன். ராத்திரி போன் பண்ணினால் பொட்டலம் எத்தனை மிச்சம் என்று மட்டும் கேட்பேன். மணி சாப்பிட்டானா என்று கேட்பதே இல்லை, அதில் அவன் என்றைக்கும் குறை வைத்ததில்லை.